சதுப்பைத் தோண்டுமுன்

போன கோடையில் ஊட்டிக்கு மேற்கே ஒரு பள்ளத்தாக்குக்கு மண் மாதிரி எடுக்கப் போயிருந்தோம். முந்தைய ஆண்டே பார்த்து வைத்த சதுப்பு. போய்ப் பார்த்தால் நட்டநடுவில் ஜேசிபி தோண்டிய குழி. கேரட்டுக்குத் தண்ணீர் தேக்கவாம். கரையில் கறுப்புச் சேறு மலைபோலக் குவிந்து காய்ந்துகொண்டிருந்தது. "வேணும்னா அள்ளிட்டுப் போங்க சார், நல்ல எரு" என்றார் தோட்டக்காரர். தாராள மனசுதான். ஆனால் அந்தக் குவியலில் எது மேலடுக்கு, எது கீழடுக்கு என்று இனி யாராலும் சொல்ல முடியாது. எங்களுக்கு வேண்டியது அந்த வரிசைதான்; எந்தக் காலத்தில் இங்கே என்ன செடி இருந்தது என்பதை அடுக்கடுக்காகப் படிந்த மகரந்தத்தைக் கொண்டுதான் படிக்கிறோம்.

புல்லும் மரமும் பூக்கும்போது உதிரும் மகரந்தத்தில் கொஞ்சம் சதுப்பில் விழுகிறது. அதன் மேலோடு ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆனது. தண்ணீர் நின்று காற்றுப் புகாத சேற்றில் அது மக்குவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்துகொண்டே போகும். நீலகிரிச் சதுப்புகளில் ஓரிரு மீட்டர் ஆழத்துக்குள் பல்லாயிரம் ஆண்டுகள் அடங்கிவிடுகின்றன.

அந்த ஓடு எவ்வளவு கெட்டி என்பதை ஆய்வகத்தில் பார்க்கலாம். சேற்றைக் காரத்தில் சூடாக்கி, மணலைக் கரைக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் போட்டு, அப்புறம் கந்தக அமிலக் கலவையில் இன்னொரு முறை சூடாக்குவோம். (ஹைட்ரோஃபுளோரிக் எலும்புவரை இறங்கும் அமிலம். புது மாணவர்களை அந்த மேசைப் பக்கமே விடுவதில்லை.) இத்தனைக்கும் தப்பி மகரந்தம் மிஞ்சி நிற்கும். அதை நுண்ணோக்கியில் வைத்து, ஓர் அடுக்குக்கு 300 மணிகளாவது எண்ண வேண்டும்.

பைன் மகரந்தத்துக்கு இரண்டு பக்கமும் காற்றுப்பை, யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். சீகை (வாட்டில்) மரத்தினுடையது 16 மணிகள் ஒட்டிய உருண்டை. கற்பூர மரத்தினுடையது, அதாவது யூகலிப்டஸினுடையது, முக்கோணம். சோலையில், அதாவது மலைப்பள்ளங்களின் பசுமைக் காட்டில், இருக்கும் நாவல் வகைகளும் அதே குடும்பம், அவற்றுக்கும் முக்கோணம்தான்; இங்கே அனுபவசாலிகளும் தடுமாறுவதுண்டு. தென்னிந்திய மலைகளுக்குப் பைன் வெள்ளைக்காரர் காலத்தில்தான் வந்தது. ஆகவே பைன் தென்படும் அடுக்கு ஏறக்குறைய கடந்த 200 ஆண்டுக்குள் வந்துவிடும். அதற்குக் கீழே, காலப்போக்கில் சிதைந்து குறையும் கதிரியக்கக் கார்பனான கார்பன் 14-ஐ வைத்துத்தான் வயதுக் கணக்கு. குறிஞ்சி எத்தனை முறை பூத்தது என்று கேட்பவர்களுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. பூச்சிகள் சுமந்து போகும் மகரந்தம் சதுப்புக்கு வந்து சேருவதே அபூர்வம்.

பெரிய சிக்கல் புல். எந்தப் புல்லானாலும் ஒற்றைத் துளையுள்ள உருண்டைதான். வறட்சியைத் தாங்கும் புல்லா, ஈரம் விரும்பும் செடியா என்று பிரித்தறிய, சேற்றிலுள்ள கார்பன் 13 என்ற சற்றே கனமான கார்பனின் அளவைப் பார்க்கிறார்கள்; இரண்டிலும் அது வேறுபடும். 1993-இல் சூழலியலாளர் ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் நீலகிரிச் சதுப்புகளை இப்படி ஆராய்ந்து நேச்சர் அறிவியல் இதழில் எழுதினார்கள். ஏறத்தாழ 18,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், இங்கே வறட்சி. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்தது. சுமார் 6,000 முதல் 3,500 ஆண்டுகளுக்கு முன்புவரை மீண்டும் வறட்சி.

மனிதர்கள் சோலையை எரித்ததால் உண்டானதே நீலகிரியின் புல்வெளி என்று ஒரு கட்சி ரொம்ப நாள் வாதாடியது. உழவு என்பதே தோன்றாத காலத்தில் இங்கே புல் செழித்திருந்ததைச் சதுப்பு காட்டிவிட்டது. தீயும் மேய்ச்சலும் பின்னால் தங்கள் பங்கைச் செய்திருக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஜூன் மாதமும் "வெறும் புல்லாக் கிடக்கு" என்று மரக்கன்றோடு மேடேறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. சீகையையும் கற்பூரத்தையும் இதே நினைப்பில்தான் நட்டார்கள். இன்று அவற்றை வெட்டி எடுக்கப் படாதபாடு படுகிறோம்.

சதுப்புக்கு மரம் நட வேண்டாம், வேலிகூட வேண்டாம். ஈரமாக இருக்க விட்டால் போதும். வடிகால் வெட்டினால் காற்றுப் புகும். நுண்ணுயிர்கள் தின்னத் தொடங்கும். சில ஆண்டுகளில் மகரந்தம் சிதைந்துவிடும்.  நிலத்தில் சதுப்பு வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது, குட்டையைக் கொஞ்சம் தள்ளி மேட்டோரமாகத் தோண்டுங்கள் என்பதுதான்.

அன்றைக்குக் குழியின் ஓரத்தில் மிஞ்சிய துண்டில் துளைக்கருவியை இறக்கினோம். 60 சென்டிமீட்டரிலேயே சரளை தட்டிவிட்டது. தோட்டக்காரர் டீ கொண்டுவந்து கொடுத்தார். கீழ்ப்பள்ளத்தில் இன்னொரு சதுப்பு இருக்கிறதாம். அடுத்த மாதம் அங்கேயும் வடிகால் வெட்டப் போகிறார்களாம். அதற்குள் வந்துவிடச் சொன்னார்.