அப்பீல் போட்டால் மட்டும் போதாது: சங்கத் தகராறு மேன்முறையீட்டில் இருக்கும்போது நீதிமன்றத்திடம் என்ன கேட்கலாம்?

"அப்பீல் போட்டாச்சு, இனி அவையள் ஒண்டும் செய்யேலாது." திருகோணமலையில் சங்கம், கோயில், சனசமூக நிலையம் என்று எந்த உள்வீட்டுத் தகராறு நீதிமன்றம் ஏறினாலும் இந்தப் பேச்சு காதில் விழும். நானும் நம்பினேன். எங்கள் சனசமூக நிலையத்தின் நிர்வாகத் தெரிவு வழக்கில் தோற்ற தரப்பில் நான் இருந்தேன். மேன்முறையீட்டைத் தாக்கல் செய்துவிட்டு நிம்மதியாக இருந்தோம். ஒருநாள், தீர்ப்பை நிறைவேற்றித் தரும்படி மறுதரப்பு கொடுத்த விண்ணப்பத்தின் பிரதி கைக்கு வந்தது. கூட்டறிக்கைப் புத்தகம், வங்கிப் புத்தகம், இறப்பர் முத்திரை மூன்றையும் மேசையில் வைத்துவிட்டு, இவற்றை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றோம். முத்திரையின் கைப்பிடியில் பழைய செயலாளர் சுற்றிவிட்ட சிவப்பு நூல் அப்படியே இருந்தது.

மேன்முறையீடு செய்வது ஒரு காரியம். தீர்ப்பை நிறுத்தி வைப்பது வேறொரு காரியம். இரண்டாவதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

முதலில், உங்கள் கையில் இருப்பது தீர்ப்பா, கட்டளையா என்று பாருங்கள். வழக்கை முடித்து வைத்தது தீர்ப்பு. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்படி, தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீட்டு அறிவித்தலை அதே மாவட்ட நீதிமன்றத்தில் 14 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். தீர்ப்பு நாள், அறிவித்தல் கொடுக்கும் நாள், ஞாயிறு, பொது விடுமுறை ஆகியவை கணக்கில் வராது. போயா தினம் கழிபடும், சனிக்கிழமை கழிபடாது. மேன்முறையீட்டு மனுவுக்கோ தீர்ப்புத் திகதியிலிருந்து 60 நாட்கள், அதில் விடுமுறை எதுவும் கழிபடாது. பதினான்குக்கு எண்ணிய மாதிரியே அறுபதையும் எண்ணப் போய்த்தான் சிலர் நல்ல வழக்கைக்கூட இழக்கிறார்கள்.

வழக்கு நடுவே தடை கொடுத்தது, தடையை மறுத்தது போன்றவை கட்டளைகள். அவற்றுக்கு எதிராக மேன்முறையீடு செய்ய முதலில் அனுமதி பெற வேண்டும். அந்த மனுவைச் சத்தியக்கடதாசியுடன் 14 நாட்களுக்குள், முதலில் சொன்ன கணக்கின்படியே எண்ணி, குடியியல் மேன்முறையீடுகளைக் கேட்கும் மாகாண மேல் நீதிமன்றத்தில் நேரடியாகத் தாக்கல் செய்ய வேண்டும். 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு மாவட்ட நீதிமன்ற மேன்முறையீடுகள் அங்கேதான் போகின்றன. இடைக்கால நிவாரணம் வேண்டுமென்றால் அந்த மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.

இனி நிறைவேற்றல் பற்றி. பொதுவாக, மேன்முறையீட்டுக்குரிய காலம் முடியும்வரை நிறைவேற்றல் விண்ணப்பத்தை நீதிமன்றம் ஏற்காது (பிரிவு 761). ஆனால் மேன்முறையீடு செய்யப்பட்டுவிட்டால், வென்றவர் அந்தக் காலம் முடியக் காத்திராமல் உடனேயே விண்ணப்பிக்கலாம். தோற்றவரை அந்த விண்ணப்பத்தில் எதிர்த்தரப்பாகச் சேர்த்தே ஆக வேண்டும் (பிரிவு 763). அவரைக் கேட்காமல் ஆணை எடுக்க முடியாது.

நிறைவேற்றலை நிறுத்தும்படி கேட்பவர், நிறுத்தாவிட்டால் தனக்குக் கணிசமான நட்டம் வரும் என்று நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்த வேண்டும். இறுதியில் வரும் முடிவுக்குக் கட்டுப்படுவதற்குப் பிணையும் கொடுக்க வேண்டும். "எங்கட மானம் போகுது" என்று எழுதிக் கொடுத்தால் எடுபடாது. காணி கைமாறப் போகிறது, சேமிப்பு முழுவதும் எடுக்கப்படப் போகிறது, உறுப்பினர் பட்டியல் மாற்றி எழுதப்படுகிறது என்று ஆவணத்தோடு காட்டுங்கள். நாங்கள் வங்கிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையும் வாடகை ஒப்பந்தத்தின் பிரதியையும் இணைத்தோம்.

சங்க வழக்குகளுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. "இந்தத் தெரிவு செல்லாது" என்று வெறுமனே வெளிப்படுத்தும் தீர்ப்பில் நிறைவேற்ற எதுவும் இல்லை. ஆகவே நிறுத்தவும் எதுவும் இல்லை. அப்படியான இடத்தில், இருக்கும் நிலையை அப்படியே பேணும்படி இடைக்கால ஆணை கேட்பதுதான் பொருத்தம். எந்த விண்ணப்பம் என்று தெரியாமல் அலைந்து காலத்தைக் கரைப்பவர்களைப் பார்க்க மனம் வருந்துகிறது.

2024 பெப்ரவரியில் இலங்கைத் தமிழரசுக் கட்சியின் மாநாடு திருகோணமலையில் நடக்கவிருந்தபோது, இங்குள்ள மாவட்ட நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது பலருக்கு நினைவிருக்கும். மறுதரப்பைக் கேட்காமல் அவசரமாகக் கொடுக்கப்படும் தடை முதலில் 14 நாட்களுக்குமேல் போகாது. காரணம் பதிந்துதான் நீடிக்கலாம். முதற்தோற்றத்தில் விசாரிக்கத் தகுந்த வழக்கு இருக்கிறதா, தடை இல்லாவிட்டால் யாருக்குக் கூடிய பாதிப்பு, கேட்பவர் எதையும் மறைக்காமல் சுத்தமான கையோடு வந்திருக்கிறாரா என்று நீதிமன்றம் பார்க்கும். விதித்த தடையை நீக்கவோ மாற்றவோ அதே நீதிமன்றத்திடமே கேட்கலாம் (பிரிவு 666).

கூட்டுறவுச் சங்கம் என்றால் பாதை வேறு. 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் 58ஆம் பிரிவின்படி, சங்க அலுவல் தொடர்பான பிணக்குகள் கூட்டுறவுச் சங்கப் பதிவாளரிடம் போக வேண்டியவை. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தவர்கள் இதைக் கவனிக்கவும்.

மனுக்களை இங்கே தமிழிலேயே தாக்கல் செய்யலாம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தரும் உரிமை அது. பணவசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம்.

எங்கள் வழக்கில் இரு தரப்புச் சட்டத்தரணிகளும் பேசி, மேன்முறையீடு முடியும்வரைக்கும் சில நிபந்தனைகளை நீதிமன்றத்தில் பதிவு செய்தார்கள். மின்கட்டணத்துக்கும் பத்திரிகைக்கும் மட்டும் பணம் எடுக்கலாம், காசோலையில் இரு தரப்பும் ஒப்பமிட வேண்டும், காணியைத் தொடக்கூடாது. முத்திரை பூட்டிய பெட்டிக்குள் போனது. அடுத்த திங்கட்கிழமை பின்னேரம் வாசிகசாலை திறந்தபோது, இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே மேசையில் பத்திரிகை விரித்திருந்தார்கள்.