துண்டின் மேல் ஓர் ஆப்பிள்: ஆங்கில வாக்கியத்தைச் சூழல் பிரிக்கும் விதம்

‘புட் தி ஆப்பிள் ஆன் தி டவல் இன் தி பாக்ஸ்’ என்னும் ஆங்கில வாக்கியத்தைக் கேட்பவருக்கு, ‘டவல்’ என்ற சொல் முடிந்த கணத்தில், ஆப்பிளைத் துண்டின் மேல் வைக்கச் சொல்கிறார்கள் என்றே தோன்றும். ‘இன் தி பாக்ஸ்’ வந்து சேர்ந்ததும் அந்தப் பொருள் குலைந்துவிடுகிறது. துண்டின் மேல் இருக்கும் ஆப்பிளைப் பெட்டியில் வைக்க வேண்டும் என்பதே சொன்னவரின் கருத்து. தமிழில் அப்படிச் சொன்னால், ‘இருக்கும்’ என்ற பெயரெச்சமே துண்டை ஆப்பிளோடு கட்டிப்போட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘ஆன் தி டவல்’ எந்த ஆப்பிள் என்று காட்டுகிறதா, எங்கே வைப்பது என்று சொல்கிறதா என்பதற்குச் சொல் வடிவில் எந்தத் தடயமும் இல்லை. போதாக்குறைக்கு, ‘புட்’ என்ற வினை முதலிலேயே வந்து நின்றுகொண்டு, வைக்கும் இடம் எங்கே என்று கேட்கத் தொடங்கிவிடுகிறது.

இத்தகைய இடங்களில் கேட்பவர் முதலில் இலக்கணத்தை மட்டும் கொண்டு வாக்கியத்தைப் பிரிக்கிறார், சூழலைப் பிறகுதான் பார்க்கிறார் என்று மொழி உளவியலாளர்கள் பலர் கருதிவந்தனர். அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் டானன்ஹாஸும் அவருடைய குழுவினரும் 1995-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை ஆட்டம் காண வைத்தது. கண்ணசைவைப் பதியும் கருவியைத் தலையில் அணிந்தவர்களின் முன்னே பொருள்களைப் பரப்பி, மேற்கண்ட வாக்கியத்தைச் சொன்னார்கள். துண்டின் மேல் ஓர் ஆப்பிள், வெறுமையாக இன்னொரு துண்டு, ஒரு பெட்டி, தொடர்பில்லாத வேறொரு பொருள் ஆகியவை மட்டும் இருந்தபோது, ‘டவல்’ என்ற சொல் காதில் விழுந்ததும் பலரின் பார்வை வெற்றுத் துண்டின் பக்கம் ஓடியது. தொடர்பில்லாத பொருளுக்குப் பதிலாக, வேறொரு துணியின் மேல் இரண்டாவது ஆப்பிளை வைத்தபோதோ, அந்தத் தவறான பார்வை பெரும்பாலும் மறைந்துவிட்டது. வாக்கியத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மேசையில் ஒரு பழம் கூடியதில் வாக்கியத்தின் அமைப்பே கேட்பவர் மனத்தில் வேறாகிவிட்டது.

இதற்குக் காரணம், பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ‘தி’ என்ற சின்னஞ்சிறு சொல் என்பேன். ‘தி ஆப்பிள்’ என்றால் இருவருக்கும் தெரிந்த, குழப்பமில்லாத ஓர் ஆப்பிள் என்று பொருள். இரண்டு ஆப்பிள்கள் இருக்கும்போது அது போதாது. எந்த ஆப்பிள் என்ற விளக்கம் அடுத்து வருமென்று கேட்பவர் எதிர்பார்க்கிறார். ஒன்றே இருக்கும்போது விளக்கம் வீண், ஆகவே ‘ஆன் தி டவல்’ இடத்தைத்தான் குறிக்க வேண்டும். பேசுபவர் தேவைக்குக் குறைவாகவோ கூடுதலாகவோ சொல்லமாட்டார் என்ற நம்பிக்கையில்தான் நாம் உரையாடுகிறோம் என்று, பால் கிரைஸ் என்ற மெய்யியலாளர் 1967-இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில் விளக்கினார். அந்த நம்பிக்கை இங்கே வாக்கியம் முடியும் முன்பே வேலை செய்கிறது.

ஐந்து வயதுக் குழந்தைகளிடம் இது பலிப்பதில்லை. மொழி உளவியலாளர் ஜான் ட்ரூஸ்வெல் குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், ஆப்பிளுக்குப் பதில் பொம்மைத் தவளைகளை வைத்து அதேபோன்ற கட்டளையைச் சொன்னபோது, இரண்டு தவளைகள் கண்ணெதிரே இருந்தும், குழந்தைகள் பலர் தவளையை எடுத்து வெற்றுத் துணியின் மேல் வைத்தனர். ‘புட்’ என்ற வினை எழுப்பிய எதிர்பார்ப்பிலிருந்து அவர்களால் பின்வாங்க முடியவில்லை.

சூழல் கண்முன் இல்லாத இடங்களில் உலக அறிவே துணை. நகர மன்றத்தினர் ஆர்ப்பாட்டக்காரர்களுக்கு அனுமதி மறுத்தனர், ஏனெனில் ‘தே’ (அவர்கள்) வன்முறைக்கு அஞ்சினர் என்பது கணினி அறிவியலாளர் டெரி வினோகிராட் 1972-இல் எடுத்துக்காட்டிய ஆங்கில வாக்கியத்தின் சாரம். ‘அஞ்சினர்’ என்ற இடத்தில் ‘ஆதரித்தனர்’ என்று மாற்றினால், ‘தே’ மன்றத்தினரை விட்டு ஆர்ப்பாட்டக்காரர்களிடம் தாவிவிடும். தமிழாக்குபவர் முதல் வாக்கியத்தை ‘வன்முறைக்கு அஞ்சி அனுமதி மறுத்தனர்’ என்று வினையெச்சத்தால் முடித்துவிடலாம். அஞ்சியவரும் மறுத்தவரும் ஒருவரே. இரண்டாவதில் அந்த எச்சம் பொருந்தாது, ‘அவர்கள் வன்முறையை ஆதரித்ததால்’ என்று தனியாகப் பிரித்தே எழுத வேண்டும். அஞ்சியவர் யார், ஆதரித்தவர் யார் என்று ஆங்கிலம் சொல்லாமல் விட்டதை ஊகித்த பிறகுதான் அவர் பேனாவை எடுக்க முடியும்.