வேர்வை வேறு, ஸ்டாமினா வேறு: பாக்சிங் பழகும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

பிசியோதெரபிஸ்ட்டான என்னிடம் இந்த மே மாதமும் ஒரு பையன் வந்தான். திருப்பூர்ப் பக்கம், பதினேழு வயது. அப்பா கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். இரண்டு தொடையும் இறுகிப்போய், தொட்டாலே கத்தினான். முந்தின நாள் பத்து மணி வெயிலில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறான். மாவட்டப் போட்டிக்கு வெயிட் இறங்கும், ஸ்டாமினாவும் ஏறும் என்று சீனியர் பையன்கள் சொன்னார்களாம்.

"ஒண்ணுக்கு எந்த நிறத்துல போகுது கண்ணு?" என்று கேட்டேன்.

"டிக்காஷன் மாதிரி போகுதுங்க சார்."

அதற்குமேல் பிசியோதெரபிஸ்ட்டுக்கு அங்கே வேலை இல்லை. தசை சிதைந்து, அதிலிருந்து வெளியேறும் பொருள் சிறுநீரகத்தைத் தாக்குகிற நிலை அது. அப்படியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். டிரிப்ஸ் ஏற்றிக் காப்பாற்றிவிட்டார்கள். எல்லோருக்கும் அப்படி நேரம் வாய்ப்பதில்லை. 1997 கடைசியில், அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி ரப்பர் சூட் போட்டு, சூடான அறையில் பயிற்சி செய்து எடை குறைக்கப் போய், சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். 1998 ஜனவரியிலேயே அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் ரப்பர் சூட்டுக்குத் தடை வந்துவிட்டது. நம் ஊர் விளையாட்டுச் சாமான் கடைகளில் அதே மாதிரி உடை, ஸ்வெட் சூட் என்ற பெயரில் இன்னும் கண்ணாடி அலமாரியில் தொங்குகிறது.

இதை எத்தனை தடவை சொன்னாலும் சலிக்காமல் சொல்லியாக வேண்டியிருக்கிறது. வேர்வை என்பது உடம்பு சூடேறாமல் இருக்கத் தோல் வெளியே விடும் தண்ணீர். அவ்வளவுதான். அது கொழுப்பு உருகி வழிவது இல்லை. ஒரு லிட்டர் வேர்வை போனால் தராசில் ஒரு கிலோ குறையும், ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தால் அந்த ஒரு கிலோ திரும்பி வரும். ஈரத்துணியைப் பிழிந்தால் எடை குறையும், நூல் மெலியுமா? அதுவும் பிளாஸ்டிக்குக்குள் வருகிற வேர்வை காற்றுப்பட்டு ஆறாது. ஆறாத வேர்வையால் உடம்பு குளிராது, இன்னும் அதிகமாக வேர்க்கும், உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். அறுபது கிலோ பையன் ஒன்றேகால் கிலோ தண்ணீரை இழந்தாலே ஓடும் திறன் இறங்கத் தொடங்கிவிடும். ஸ்டாமினா ஏற்றுவதாக நினைத்து அவன் செய்வது அதைக் குறைக்கிற வேலை.

சரி, பாக்சிங்குக்கு வேண்டிய ஸ்டாமினா எது? பெரியவர்களுக்கு மூன்று நிமிடம் வீதம் மூன்று ரவுண்டு, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. எல்லோரும் அந்த மூன்று நிமிடத்தையே பார்க்கிறார்கள், நான் அந்த ஒரு நிமிடத்தைப் பார்ப்பேன். தொங்கவிட்ட குத்துப் பையில் ஒரு ரவுண்டு குத்தி முடித்தவுடன் பையனின் மணிக்கட்டைப் பிடித்துப் பதினைந்து விநாடி எண்ணுவேன். நாற்பத்தைந்து துடிப்பு இருக்கும், அதாவது நிமிடத்துக்கு 180. ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணினால், நன்றாகப் பழகியவனுக்கு முப்பத்தைந்துக்குக் கீழே இறங்கியிருக்கும். இன்னொருவனுக்கு நாற்பத்திரண்டிலேயே நிற்கும். அவன்தான் இரண்டாவது ரவுண்டில் முகத்தைக் காக்கத் தூக்கிய கையைக் கீழே போடுகிறவன். "சார்ங்க, கையில பலமே இல்லைங்க" என்று அவன் அப்பா சொல்வார். கையில் பலம் இருக்கிறது. அந்த ஒரு நிமிடத்தில் மூச்சு திரும்பவில்லை.

அந்த மூச்சைத் திரும்ப வைப்பது மெதுவான ஓட்டம். இதைச் சொன்னால் பையன்களுக்குக் கோபம் வருகிறது. தினமும் நாக்குத் தள்ள ஓடினால்தான் பயிற்சி என்று மனதில் பதிந்துவிட்டது. அப்படி ஓடுபவனின் கால் ஒருநாளும் ஆறுவதில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு ஓரத்தில் வலி என்று மூன்றாவது வாரம் என்னிடம் வருவான்.

தொடக்கத்தில் ஆறிலிருந்து எட்டு வாரம், வாரத்தில் நான்கு நாள், முப்பது நிமிடத்தில் தொடங்கி நாற்பத்தைந்து வரை மெதுவாக ஓடுங்கள். வேகம் எவ்வளவு? பக்கத்தில் ஓடுகிறவனிடம் முழு வாக்கியம் பேச முடிகிற அளவு. பேச்சு அறுந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஈரோடு, கோபிப் பக்கம் இருப்பவர்களுக்கு கீழ்பவானி வாய்க்கால் கரை மண்பாதை கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. நகரத்துப் பிள்ளைகளும் சிமென்ட் ரோட்டைவிட மைதானத்து மண்ணில் ஓடலாம். ஸ்கிப்பிங்கும் அப்படியே, காங்கிரீட்டில் வேண்டாம். ஒரு வாரத்திலிருந்து அடுத்த வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதீர்கள்.

அப்புறம்தான் கடுமையான வேலை. மூன்று நிமிடம் அழுத்தி ஓடி, ஒரு நிமிடம் நடந்து, மறுபடி ஓடுவது. நான்கு தடவை போதும், பிறகு மெல்ல ஆறு ஆக்கலாம். வாரத்தில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். ஸ்பாரிங், அதாவது எதிரில் ஆள் வைத்துக் குத்திப் பழகுவது, உள்ள நாளும் கடுமையான நாள்தான், அதையும் கணக்கில் சேருங்கள். அடுத்தடுத்து இரண்டு கடுமையான நாள் கூடாது. காலையில் கண் விழித்தவுடன் படுக்கையிலேயே பல்ஸ் எண்ணுங்கள். வழக்கத்தைவிட எட்டு, பத்து கூடியிருந்தால் அன்றைக்கு ஓய்வு. பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து, தூங்காமல் கிரவுண்டுக்கு வரும் தம்பிகளைப் பார்த்திருக்கிறேன். ஆர்வம் புரிகிறது. ஆனால் தயவுசெய்து தூங்கிவிட்டுச் சாயங்காலம் வாருங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒன்று. எவ்வளவு பழகினாலும் மூச்சு வாங்குகிறது என்று வந்தால், நான் முதலில் கேட்பது ரத்தப் பரிசோதனைச் சீட்டு. ஹீமோகுளோபின் எட்டு, ஒன்பதில் இருக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டி ஓடவிட்டுக்கொண்டிருப்பார்கள். அவளுக்கு முதலில் வேண்டியது டாக்டரும் இரும்புச்சத்தும்.

நீர் பிரிய மாத்திரை வாங்கிப் போட்டு வெயிட் இறக்குகிறவர்களுக்கு: அது ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ளது. உப்புச் சத்து கலைந்து இதயத் துடிப்பே தாறுமாறாகும். எடைப்பிரிவு ஒத்துவரவில்லை என்றால் மேல் பிரிவில் விளையாடுங்கள். வளரும் பிள்ளையைப் போன வருட எடையிலேயே நிறுத்தப் பார்க்காதீர்கள்.

ஓடும்போது மயக்கமோ நெஞ்சு வலியோ வந்தவர்கள், சின்ன வயதில் யாராவது திடீரென இறந்த குடும்பத்துப் பிள்ளைகள், இதய மருத்துவரைப் பார்க்காமல் ரிங்குக்குள் கால் வைக்கக் கூடாது. காய்ச்சல் இருந்தால் பயிற்சி கிடையாது, காய்ச்சல் விட்ட மறுநாளும் கிடையாது.

பயிற்சியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். சித்திரை, வைகாசியில் ஏழரை மணிக்குள் ஓட்டத்தை முடித்துவிடுங்கள். கரூர், ஈரோட்டு வெயில் யாருக்கும் சலுகை தராது. லீவு முடிந்து வரும் பிள்ளைக்கு வெயில் பழக பத்துப் பதினான்கு நாள் கொடுங்கள். தண்ணீர் குடித்தால் வயிறு கனக்கும் என்று தடுக்காதீர்கள். ஓடுகிறவன் தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, எரிச்சலாகக் கத்தினாலோ அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது வெயில் தாக்கிய அறிகுறி. நிழலுக்குத் தூக்கிச் சென்று சட்டையைக் கழற்றி, தலையிலிருந்து கால் வரை தண்ணீர் ஊற்றுங்கள், ஐஸ் இருந்தால் அக்குளிலும் கழுத்திலும் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவன் வாயில் எதையும் புகட்டாதீர்கள். ஒருவர் 108-க்குக் கூப்பிடட்டும். வண்டி வந்து நிற்கும்வரை மற்றவர்கள் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தக் கூடாது.