கும்பகர்ணன் வேறு, கரடி வேறு

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் வேலிக்கு முன்னால் ஒரு குடும்பம் நின்றிருந்தது. அப்பா, அம்மா, இரண்டு பையன்கள். வேலிக்கு அந்தப் பக்கம் முழங்கால் அளவு பனி. பெரியவன் பனியை உருண்டை பிடித்து, குகை வாசலைக் குறிபார்த்து எறிந்துகொண்டிருந்தான். சின்னவன் கையில் ஒரு குச்சி. இரும்புக் கம்பியில் டிங் டிங் என்று தட்டிக்கொண்டே இருந்தான். அப்பா கைபேசியைத் தூக்கிப் பிடித்துத் தயாராக நின்றார். ஓடிப்போய்த் தடுத்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் தமிழுக்கு மாறிவிட்டார்.

"அண்ணை, நாங்கள் ஸ்டுட்கார்ட்டில இருந்து வாறம். பிள்ளையளுக்குக் கரடி பாக்கோணும் எண்டு ஒரே ஆசை. ஒருக்கா எழுப்பிக் காட்டுவீங்களோ? பிறகு படுக்கும்தானே."

பிறகு படுக்கும்தானே! இந்தக் குளிர்காலத்தில் இதை நான் கேட்பது ஆறாவது தடவை. ஜெர்மனில் நான்கு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை, இப்போது தமிழில். தமிழில் கேட்டதுதான் உறைத்தது. அதனால் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

நான் கால்நடை மருத்துவன். ஊர்ப் பக்கம் மாடு, ஆடு, நாய் பார்த்துப் பழகியவன். இப்போது தெற்கு ஜெர்மனியில், சர்க்கஸிலிருந்தும் தனியார் கூண்டுகளிலிருந்தும் மீட்கப்பட்ட கரடிகளையும் ஓநாய்களையும் வைத்துப் பராமரிக்கும் ஒரு பூங்காவில் வேலை. ஊரிலிருந்து போன் பண்ணுகிறவர்கள் டிசம்பரில் தவறாமல் கேட்பார்கள், "கரடியெல்லாம் தூங்கியிருக்குமே, உனக்கு இப்ப லீவுதானே?" என்று. எங்களுக்கு வருடத்திலேயே நகத்தைக் கடித்துக்கொண்டு இருக்கும் காலம் இதுதான்.

முதலில் அந்தத் தூக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் மனதில் இருப்பது கும்பகர்ணன். ஆறு மாதம் உறங்குவான். பறை கொட்டி, யானைகளை ஏறி மிதிக்கவிட்டாலும் லேசில் எழ மாட்டான். கரடியும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு வேலியில் தட்டுகிறார்கள். கரடி அப்படி இல்லை. குகைக்கு வெளியே ஒரு சுள்ளி முறிந்தால் போதும், தலையைத் தூக்கிப் பார்க்கும்.

ஜெர்மன் மொழியில் இதற்கு இரண்டு தனித்தனிச் சொற்கள் உண்டு. முள்ளெலி, மலையில் வளை தோண்டி வாழும் பெரிய அணில் இனமான மர்மோட் மாதிரி சின்ன உயிர்கள் தூங்குவது 'வின்டர்ஷ்லாஃப்', குளிர்காலத் தூக்கம். கரடி இருப்பது 'வின்டர்ரூஹெ', குளிர்கால ஓய்வு. மர்மோட்டின் உடல் ஏறக்குறைய ஐந்தாறு டிகிரிக்கே இறங்கிவிடும். கையில் எடுத்தால் கல்லைத் தொட்ட மாதிரி இருக்கும், அதற்கு ஒன்றும் தெரியாது. கரடிக்கு 37 டிகிரி இருந்தது 32, 33 என்று ஆகும், அவ்வளவுதான். இதயம் நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து துடிப்பாகக் குறையும். சாப்பாடு, தண்ணீர், சிறுநீர், சாணம் எதுவும் இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும். ஆனால் காது வேலை செய்யும். மூக்கு வேலை செய்யும். நடுவில் எழுந்து, வைக்கோலைச் சரிசெய்துவிட்டு, புரண்டு படுக்கும். குகைக்குள் வைத்திருக்கும் கேமராவில் இதை வாரத்துக்குப் பல தடவை பார்க்கிறேன்.

அடுப்பை அணைத்துப் போட்டால் அது மர்மோட். கரடி, சிம்மில் எரியும் அடுப்பு. தட்டி எழுப்பினால் தீ ஏறிவிடும். எரிவது என்ன? இலையுதிர்காலத்தில் சேர்த்து வைத்த கொழுப்பு. ஒன்றும் செய்யாமல் கிடந்தாலே வசந்தம் வருவதற்குள் உடல் எடையில் கால்வாசி வரை குறையும். இதில் நீங்கள் வேறு எழுப்பினால் கையிருப்பு இன்னும் சீக்கிரம் கரையும். அதை ஈடுகட்ட வெளியே பனியைத் தவிர என்ன இருக்கிறது?

காட்டில் இதைவிட மோசம். கரடி குட்டி போடுவதே குகைக்குள்தான், பெரும்பாலும் ஜனவரியில். அரைக் கிலோகூட இராத குட்டி, கண் திறந்திருக்காது. கர்ப்பிணிக் கரடியைத் தொந்தரவு செய்தால் குகையைவிட்டு வேறு இடம் தேடிப் போய்விடும். அப்படி இடம் மாறியவை குட்டிகளை இழப்பது அதிகம் என்று ஸ்காண்டிநேவியாவில் ஆராய்ந்து பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பூங்காவில் குட்டிகளுக்கு இடமில்லை. ஆண்களுக்கெல்லாம் கருத்தடை ஆகிவிட்டது. ஏன் குட்டி இல்லை என்று கேட்டுத் திட்டுகிறவர்களுக்கு: மீட்க வேண்டிய கரடிகளே வரிசையில் நிற்கின்றன, புதிதாக வேறு வேண்டுமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை குகையில் இருந்தது ஓல்கா. வயது இருபத்தாறு. வாழ்க்கையில் பாதிக்கு மேல் சர்க்கஸ் வண்டிக் கூண்டில் கழிந்தது. கூண்டில் வருடம் முழுக்கச் சாப்பாடு போடுவார்கள், தோண்ட மண் கிடையாது, இருட்டு கிடையாது. அப்படி வளர்ந்த கரடிக்குக் குளிர்காலம் என்றால் என்ன செய்வதென்றே தெரியாது. இங்கே வந்த முதல் வருடம் ஜனவரி முழுக்கப் பனியில் அலைந்தாள். இரண்டாம் வருடம் மூன்று வாரம் படுத்தாள். மூன்றாம் வருடம்தான் தானே ஒரு வேர்ப் பள்ளத்தைத் தோண்டி, காய்ந்த புல்லை முன்னங்காலால் பின்பக்கமாக இழுத்து இழுத்து உள்ளே கொண்டுபோய் மெத்தை போட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாங்கள் நான்கு பேர் ஒரு கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்து நின்று, கல்யாண வீடு மாதிரி சத்தமில்லாமல் கொண்டாடினோம். ஸ்விட்சர்லாந்தில் அரோசா சரணாலயத்துக்கு 2018-இல் முதலில் வந்து சேர்ந்ததும் ஒரு சர்க்கஸ் கரடிதான், செர்பியாவிலிருந்து வந்த நாபா. அவன் படுத்துவிட்டானா என்று ஊரே விசாரித்துக்கொண்டிருந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு கரடி படுத்துவிட்டது என்ற செய்தியே பெரிய செய்தி.

பனியுருண்டை குகை வாசலில் விழுந்து பத்து நிமிடம் கழித்து ஓல்கா வெளியே வந்தாள். பையன்கள் கைதட்டினார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. வேலியோரமாக ஏழு தப்படி வைத்து நடந்தாள். நின்றாள். தலையை இடப்பக்கம் ஒரு வெட்டு வெட்டித் திரும்பினாள். மறுபடி ஏழு தப்படி. அந்த வண்டிக் கூண்டின் நீளம் ஏழு தப்படி. இரண்டு வருடமாக மறந்திருந்த நடை. மாலை இருட்டும் வரை நடந்தாள். பனியில் ஒரு வாய்க்கால் மாதிரித் தடம் விழுந்துவிட்டது. "டான்ஸ் ஆடுது பாருங்கோ" என்று அந்த அம்மா சொன்னார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பார்க்க அப்படித்தான் இருந்தது.

சரி, இது குளிர்காலம். இலையுதிர்காலத்தில் வேறு பஞ்சாயத்து.

செப்டம்பர், அக்டோபரில் கரடி தின்பதைப் பார்த்தால் பயமாக இருக்கும். காட்டுக் கரடி அந்த நாட்களில் ஒரே நாளில் 20,000 கலோரி வரை உள்ளே தள்ளும். ஆப்பிள், பிளம், ஓக் காய், பீச் (beech) மரக் கொட்டை, எது கிடைத்தாலும். அப்புறம் நவம்பரில் தானாகவே பசி குறையும். நாங்களும் உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம். இங்கேதான் பிரச்சினை. கூண்டில் வளர்ந்த கரடிகள் சில பழக்கதோஷத்தில் வேலியோரம் வந்து பின்னங்காலில் நின்று வாயைத் திறக்கும். உடனே, "ஐயோ பாவம், பட்டினி போடுறாங்க" என்று பையைத் திறந்துவிடுகிறார்கள். போன நவம்பரில் சாணத்தைப் பரிசோதித்தபோது மிக்சர் பொட்டலத்தின் அலுமினியத் தாள் முழுசாக வந்தது. முந்திரிப் படம்கூட அழியவில்லை. குடலில் சிக்கியிருந்தால் மயக்க மருந்து கொடுத்து வயிற்றைக் கிழித்திருக்க வேண்டும். இருபது வயது தாண்டிய கரடிக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டு, அது கண் திறக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாம்.

கை நீட்டி ஒரு பன் கொடுப்பதில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு யுர்காவின் கதையைச் சொல்வேன். இத்தாலியின் டிரென்டினோ மலையில் விடப்பட்ட பெண் கரடி. மனிதர்கள் வைத்த சாப்பாட்டுக்குப் பழகி, ஊர்ப் பக்கம் வரலாம் என்று கற்றுக்கொண்டது. அதையே குட்டிகளுக்கும் கற்றுக்கொடுத்தது. அதில் ஒன்றுதான் புரூனோ. 2006-இல் எல்லை தாண்டி பவேரியாவுக்குள் வந்தபோது, ஜெர்மனி ஏறக்குறைய 170 வருடம் கழித்துப் பார்த்த முதல் காட்டுக் கரடி அது. ஆடு, கோழி, தேன்கூடு என்று ஊருக்குள் புகுந்தது. ஜூன் 26 அன்று சுட்டுவிட்டார்கள். அதன் தம்பி ஒன்றை 2008-இல் ஸ்விட்சர்லாந்தில் சுட்டார்கள். அம்மா யுர்கா வேலிக்குள் வந்தது. 2010-இலிருந்து ஜெர்மனியின் கருங்காட்டுப் (பிளாக் ஃபாரஸ்ட்) பகுதிக் கரடிப் பூங்காவில் இருந்தது. பன் கொடுத்தவர்கள் யாரும் அதன் பிறகு அங்கே இல்லை. நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் கோயில் கதவை உடைத்து விளக்குக்கு வைத்த எண்ணெயைக் குடிக்கும் கரடிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு யுர்கா ஞாபகம்தான். (நம் ஊர்க் கரடி குளிர்காலத்தில் படுப்பதில்லை. கரையானும் பழமும் வருடம் முழுக்கக் கிடைக்கும்போது எதற்குப் படுக்க வேண்டும்? குளிருக்காகக் கரடி படுப்பதில்லை, சாப்பாடு இல்லாததால் படுக்கிறது.)

நல்லெண்ணத்தோடு வரும் தானங்களும் உண்டு. ஹாலோவீன் முடிந்ததும் பூசணிக்காய் வந்து குவியும். கரடிக்குப் பூசணி உயிர். ஆனால் பெயின்ட் அடித்தது, உள்ளே மெழுகு உருகியது, அலங்காரத்துக்கு விற்கும் கசப்புப் பூசணி, இதெல்லாம் வேண்டாம். செஸ்ட்நட் மூட்டை கொண்டுவருகிறவர்கள் தயவுசெய்து தின்னும் செஸ்ட்நட்டா, விஷமான குதிரைச் செஸ்ட்நட்டா என்று பார்த்துக் கொண்டுவாருங்கள். கிறிஸ்துமஸ் மரத்தை ஓநாய்கள் விரும்பி உரசி விளையாடும், அதில் ஜரிகை ஒரு இழைகூட இருக்கக் கூடாது.

ஓநாய் என்றதும் ஞாபகம் வருகிறது. கரடி தெரியவில்லை, டிக்கெட் காசைத் திருப்பிக் கொடு என்று ஜனவரியில் சண்டை போடுகிறவர்கள் அதே வேலிக்குள் ஓநாய் நிற்பதைக் கவனிப்பதே இல்லை. ஓநாயைப் பார்க்கக் குளிர்காலத்தைவிட நல்ல காலம் கிடையாது. ரோமம் இரட்டை மடங்காக அடர்ந்திருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை இனச்சேர்க்கைக் காலம் என்பதால் ஒரே பரபரப்பு, ஊளை வேறு. நிலாவைப் பார்த்து ஊளையிடுவதில்லை. அமாவாசையிலும் ஊளையிடும், வந்து கேட்டுப் பாருங்கள். ஏப்ரல், மே வந்தால் ரோமம் கொத்துக் கொத்தாக உதிர்ந்து, பழைய மெத்தை கிழிந்த மாதிரி நிற்கும். அப்போது வந்து "சொறி பிடித்திருக்கிறது, வைத்தியம் பார்ப்பதில்லையா?" என்று எனக்கு மின்னஞ்சல் அனுப்புவார்கள்.

கரடியையும் ஓநாயையும் ஒரே வேலிக்குள் விடுவது ஆபத்து இல்லையா என்றும் கேட்கிறார்கள். இடம் விசாலமாக இருந்தால் இல்லை. ஓநாய் கரடியின் சாப்பாட்டைத் திருடும், கரடி துரத்தும். கூண்டில் உட்கார்ந்து உட்கார்ந்து மந்தமாகிப் போன கரடிக்கு அதுதான் மருந்து. நான் எழுதிக் கொடுக்கும் எந்த மாத்திரையைவிடவும் நன்றாக வேலை செய்கிறது.

அப்புறம் டிசம்பர் 31. இங்கே அன்றைக்கு ஊர் முழுக்க வாணவேடிக்கை. நம் தீபாவளியை ஒரே ராத்திரியில் சுருக்கிய மாதிரி இருக்கும். காட்டோரம் வசிக்கிறவர்களிடம், பூங்காக்களுக்குப் பக்கத்தில் கார் நிறுத்தி வெடி போடுகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போங்கள். அந்த ராத்திரி ஓநாய்கள் வேலியோரம் ஓடி ஓடிப் பாதத்தைக் கிழித்துக்கொள்கின்றன. புத்தாண்டு விடிந்ததும் என் முதல் வேலை கட்டுப் போடுவதுதான்.

கரடி பார்க்க வேண்டுமா, மார்ச் கடைசியில் வாருங்கள், ஏப்ரலில் வந்தால் இன்னும் நல்லது. மெலிந்து, சோம்பலாக, பசு மாதிரிப் புல் மேய்ந்துகொண்டிருக்கும். அப்போதும் பெரிய பசி இருக்காது, வயிறு மெதுவாகத்தான் விழிக்கும், "என்ன இப்படி இளைத்துவிட்டது" என்று ரொட்டியை நீட்டாதீர்கள். குளிர்காலத்தில் வருவதாக இருந்தால் கிளம்பும் முன் பூங்காவுக்கு ஒரு போன் போடுங்கள், எது படுத்திருக்கிறது, எது எழுந்திருக்கிறது என்று சொல்வார்கள். வேலியில் தட்டாதீர்கள். விசில் வேண்டாம். ட்ரோன் கொண்டுவந்தால் நானே பிடுங்கி வைத்துக்கொள்வேன்.

அந்த ஸ்டுட்கார்ட் அப்பா இரண்டு நாள் கழித்துப் போன் பண்ணினார். சின்னவன் கேட்கச் சொன்னானாம், கரடி திரும்பப் படுத்துவிட்டதா என்று. இன்னும் இல்லை என்றேன். ஐந்தாம் நாள் விடிகாலை கேமராவில் பார்த்தபோது வேலியோரத் தடத்தில் புதுப்பனி மூடியிருந்தது. குகைக்குள் வைக்கோல் மேல் ஓல்காவின் முதுகு தெரிந்தது. அவருக்குச் செய்தி அனுப்பினேன். மார்ச் முடியும் வரை அந்தப் பக்கப் பாதையைக் கயிறு கட்டி அடைத்திருக்கிறோம்.