மருந்து இடைவினை: சேருமா, முறிக்குமா, ஏற்றிவிடுமா?

மருந்துக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் ஓர் அம்மா கேட்கும் இந்த மாதிரிக் கேள்வி காதில் விழும். "தம்பி, இவ ஏற்கெனவே வலிப்புக்கு மாத்திரை போடுறா. டாக்டர் இப்ப சளிக்கு எழுதிக் குடுத்திருக்கிறது அதோட சேருமா?" அந்த வலிப்பு மாத்திரை கார்பமசெபினாகவும் சளிக்கு எழுதியது எரித்ரோமைசினாகவும் இருந்தால், சேராது. எரித்ரோமைசின் கார்பமசெபினை உடம்பிலிருந்து கழியவிடாமல் தடுக்கும். சில நாளிலேயே தலைசுற்றல், இரட்டைப் பார்வை, தள்ளாட்டம் என்று கொண்டுபோய் விட்டுவிடும்.

'சேருமா' என்ற அந்த ஒற்றைச் சொல்லில் மருந்தியலின் ஒரு பெரிய துறையே அடங்கியிருக்கிறது. அதன் கலைச்சொல் 'மருந்து இடைவினை'. ஒரு மருந்தின் வேலையை இன்னொரு மருந்தோ உணவோ மாற்றிவிடுவதுதான் இடைவினை. 'இடை' என்பது நடுவில், ஒன்றுக்கொன்று. 'வினை' என்பது செயல். பள்ளியில் வேதிவினை என்று படித்தோமே, அதே வினைதான். இலங்கைப் பாடநூல்களில் வினை என்ற இடத்தில் 'தாக்கம்' வரும். அங்கே இது 'இடைத்தாக்கம்'. இரண்டும் நல்ல சொற்கள், எதை எழுதினாலும் குற்றமில்லை. பக்கவிளைவு, ஒவ்வாமை, எதிர்வினை மூன்றையும் இதற்கு மாற்றாக எழுதுவதுதான் தவறு. பக்கவிளைவு ஒரு மருந்து தனியாகவே செய்வது. ஒவ்வாமை உடம்பின் எதிர்ப்பாற்றல் காட்டும் சீற்றம். இடைவினைக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும்.

கலைச்சொல் வருவதற்கு முன்பே இந்தக் கருத்துக்குத் தமிழில் ஒரு சொல் இருந்தது: முறிவு. மருந்து சாப்பிடும்போது அகத்திக்கீரை சாப்பிடாதே, மருந்தை முறித்துவிடும் என்று பாட்டிமார் சொல்வார்கள். நஞ்சை அடக்குவது விஷமுறிவு. உள்ளே போன ஒன்றை இன்னொன்று செயலறச் செய்யும் என்ற கருத்து நமக்குப் புதிதே அல்ல. அப்படியானால் 'மருந்து முறிவு' என்றே வைத்துக்கொள்ளலாமே? எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் முறிவு கதையின் ஒரு பாதிதான். மறுபாதியைத் தெளிவாகக் காட்டுபவை வலிப்பு மருந்துகள்.

அதற்கு முன் வலிப்பு என்ற சொல்லைப் பார்த்துவிடலாம். நோகிற வலி வேறு, இந்த வலி வேறு. 'வலித்தல்' என்றால் இழுத்தல். துடுப்பு வலிப்பது, படகு வலிப்பது எல்லாம் இந்த வலிதான். கையும் காலும் இழுத்துக்கொள்வதால் வலிப்பு; ஊர்ப்பேச்சில் இழுப்பு. 'கால்-கை வலிப்பு'தான் வாய்க்கு வாய் மாறிக் 'காக்காய் வலிப்பு' ஆனது என்பார்கள். காகத்துக்கும் இந்த நோய்க்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. எபிலெப்சி என்ற கிரேக்கச் சொல்லுக்கோ 'பற்றிப் பிடித்தல்' என்று பொருள். பிடிப்பது யார் என்ற கேள்வி அந்தச் சொல்லோடு ஒட்டியே வந்தது. தெய்வமா பேயா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நம்மிடமும் அப்படி ஒரு பெயர் உண்டு: முயலகன். நடராசர் திருவடியின் கீழே கிடக்கிறானே, அவனேதான். வடமொழியில் அபஸ்மாரன். கொல்லிமழவன் மகளைப் பிடித்திருந்த முயலகன் நோயைத் திருப்பாச்சிலாச்சிராமத்தில் சம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. திருச்சிக்குப் பக்கத்தில் உள்ள திருவாசிதான் அந்த ஊர். இத்தனை பெயர்களிலும் 'வலிப்பு' எனக்கு நேர்மையான சொல்லாகப் படுகிறது. யார் மீதும் பழி போடாமல் கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறது. ஒரு தடவை வருவது வலிப்பு. தூண்டுதல் இல்லாமலே திரும்பத் திரும்ப வரும் தன்மை வலிப்பு நோய். காய்ச்சலில் ஒருமுறை இழுத்த குழந்தைக்கு வலிப்பு நோய் என்று முத்திரை குத்தக் கூடாது.

இனி மறுபாதி. அதற்கு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்குப் போக வேண்டும். 1968, 1969 ஆண்டுகளில் அங்கே ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்தைச் சாப்பிட்டு வந்த நோயாளிகள் பலர் தள்ளாடிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார்கள். பேச்சு குழறியது. ஒரு விரலை முகத்துக்கு நேரே பக்கவாட்டில் நகர்த்திப் பார்க்கச் சொன்னால், கருவிழி விரலோடு சீராகப் போகாமல் வெட்டி வெட்டித் துள்ளியது. ஃபெனிட்டாயின் மிஞ்சியதன் அடையாளம் அது. ஆனால் யாரும் அளவைக் கூட்டவில்லை. சாப்பிட்டது அதே மாத்திரை, அதே வேளை. இரத்தத்தில் அளந்து பார்த்தால் மருந்து எகிறிக் கிடந்தது.

இந்தப் புதிரை ஆராய்ந்தவர்களில் ஒருவர் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் நரம்பியல் மருத்துவர் மெர்வின் ஈடி. விடை ஃபெனிட்டாயினில் இல்லை, அளவை நிரப்பக் கூடவே அடைத்திருந்த மருந்தல்லாத பொடியில், அதாவது நிரப்புப் பொருளில் இருந்தது. அதுவரை கால்சியம் சல்பேட் சேர்த்துச் செய்தவர்கள் அதை லாக்டோஸாக (பால் சர்க்கரை) மாற்றியிருந்தார்கள். கால்சியம் சல்பேட் இருந்தவரை மருந்தில் ஒரு பங்கு குடலில் உறிஞ்சப்படாமலே போய்க்கொண்டிருந்தது. அந்தக் கட்டு அவிழ்ந்ததும் அந்தப் பங்கும் இரத்தத்தில் ஏறிவிட்டது. மருந்தே இல்லை என்று நினைத்த பொடியும் இடைவினையில் பங்காளி! 1970-இல் முதல் கட்டுரையும், 1972-இல் நிரப்புப் பொருளைப் பற்றிய சோதனைகளும் வெளிவந்தன.

இவ்வளவு சின்ன மாற்றம் ஏன் இவ்வளவு பெரிதாக வெடித்தது? ஃபெனிட்டாயினைக் கழிக்கும் கல்லீரல் நொதிகளை ஏரி மதகு என்று வைத்துக்கொள்ளுங்கள். வரத்து குறைவாக இருக்கும்வரை, வர வர மதகு வழியே போய்விடும். மதகை முழுக்கத் திறந்துவிட்ட பிறகு வரத்து கொஞ்சம் கூடினாலும் நீர்மட்டம் ஏறிக்கொண்டே போகும். இப்படி ஏறினால் என்ன ஆகும் என்பது நியூயார்க்கில் ஹென் குட் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1964-இல் காட்டிய கணக்கில் தெளிவாகத் தெரியும்: இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் வாக்கில் கண் துள்ளும், 30-இல் நடை தள்ளாடும், 40-இல் புத்தி மந்தமாகும். நோய்க்குப் பொதுவாகத் தேவைப்படுவதோ 10 முதல் 20 வரைதான். வரப்பு அவ்வளவு ஒடுக்கம்.

ஈடி அந்த ஒரு புதிரோடு நிற்கவில்லை. வலிப்பு மருந்துகளின் இரத்த அளவைத் தொடர்ந்து அளந்தார். கர்ப்ப காலத்தில் அதே மாத்திரை அளவுக்கு இரத்தத்தில் மருந்து குறைந்துபோவதை 1970-களிலேயே உடன் ஆய்வாளர்களோடு எழுதினார். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து வயிற்றிலுள்ள குழந்தைக்குச் செய்யக்கூடிய கேட்டைப் பற்றி பிற்காலத்தில் ஃபிராங்க் வாய்டாவோடு சேர்ந்து நிறைய எழுதினார். பீட்டர் பிளாடினோடு இந்த நோயின் வரலாற்றையும் நூலாக எழுதியிருக்கிறார். ஒரே நோயின் மருந்துகளை இத்தனை ஆண்டு இப்படிப் பின்தொடர்ந்த உழைப்பு எனக்கு மிகுந்த மதிப்புக்குரியது. மாத்திரைச் சீட்டைப் பார்த்து 'சேராது' என்று இன்று ஒருவரால் சொல்ல முடிவது இப்படிப்பட்டவர்களால்தான்.

இப்போது சொல்லுக்குத் திரும்புவோம். பிரிஸ்பேனில் நடந்தது முறிவு அல்ல, ஏற்றம். எரித்ரோமைசின் செய்வதும் ஏற்றம். கிரேப்ஃப்ரூட் சாறும் கார்பமசெபினை ஏற்றும். நொதியைத் தடுத்தால் ஏற்றம். நொதியைத் தூண்டி வேகமாகக் கழியவைத்தால் முறிவு. ஃபெனோபார்பிட்டால், ஃபெனிட்டாயின், கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்துகள் மூன்றும் நல்ல தூண்டிகள். கருத்தடை மாத்திரையை இவை முறிக்கும்; மாத்திரை தவறாமல் சாப்பிட்டும் கரு தரித்துவிடலாம். கார்பமசெபின் தன்னையே கழிக்கும் நொதியையும் தூண்டிக்கொள்ளும், அதனால் முதல் சில வாரங்களில் அதன் அளவு தானாகவே இறங்கும். இதைத் தன்முறிவு என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை.

'இடை' என்ற முன்சொல் ஏன் அவசியம் என்பதற்கு லாமோட்ரிஜின் என்ற இன்னொரு வலிப்பு மருந்து நல்ல சான்று. கருத்தடை மாத்திரையைக் கார்பமசெபின் முறிப்பது போல, அதே கருத்தடை மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் லாமோட்ரிஜினை முறிக்கும். வினை இரு பக்கமும் போகும். வால்ப்ரோயேட்டோ லாமோட்ரிஜினை இரு மடங்குக்கு மேலும் உடம்பில் தங்கவைக்கும். அதனால்தான் இந்த இரண்டையும் சேர்க்கும்போது லாமோட்ரிஜினை மிகக் குறைவாகத் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். அவசரப்பட்டால் தோல் கொப்பளித்து உரியும் கொடிய விளைவுகூட வரலாம். நம் நாட்டில் அதிகம் எதிர்ப்படுவது காசநோய் மருந்து. ஐசோனியாசிட் ஃபெனிட்டாயினை ஏற்றும், ரிஃபாம்பிசின் முறிக்கும். காசநோய்க்கு இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறார்கள்! எது மேலோங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், இரத்தத்தை அளந்தால்தான் தெரியும்.

ஆகவே பொதுப்பெயராக இடைவினை, அதன் இரு வகைகளாக முறிவு, ஏற்றம் என்று எழுதலாம் என்பது என் கருத்து. முறிவு பாட்டியின் சொல், ஏற்றம் எல்லோரும் புழங்கும் சொல். இரண்டுக்கும் தனியாக விளக்கம் வேண்டியதில்லை. மாத்திரைப் பெட்டிக்குள் வைக்கும் தாளில் தமிழில் இப்படி ஒரு வரி அச்சிட்டால் கடை வாசலில் நிற்கும் அந்த அம்மாவுக்குப் புரியும்: "இந்த மாத்திரை வேறு சில மருந்துகளோடு இடைவினை கொள்ளும். சில மருந்துகளை இது முறிக்கும். சில மருந்துகள் இதன் அளவை ஏற்றிவிடும். புதிதாக எது வாங்கினாலும் இந்தத் தாளைக் காட்டிக் கேளுங்கள். நீங்களாக இதை நிறுத்தாதீர்கள்."