தெசாரஸ்: களஞ்சியமா, நிகண்டா?

நூலகத் தரவுத்தளங்களில் கட்டுரை தேடுவோர் திரையின் ஓரத்தில் ‘தெசாரஸ்’ என்ற சொல்லைப் பலமுறை கண்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் ஒரே பொருள் தரும் சொற்களைத் திரட்டித் தரும் புத்தகம் என்ற அளவில் அதை அறிந்திருப்பதால், கட்டுரை எழுதும்போது பயன்படுவது தேடும்போது எதற்கு என்று பெரும்பாலோர் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். அச்சொல்லின் வரலாற்றையும், அதற்குத் தமிழில் வழங்கும் பெயர்களையும், அவற்றுள் எது பொருத்தமானது என்பதையும் பார்த்தால், அது எதற்கு உதவும் என்பதும் உடன் விளங்கும்.

மூலச்சொல் கிரேக்கம். ‘தேசௌரோஸ்’ என்றால் சேமித்து வைக்கும் இடம், கருவூலம். டெல்ஃபி கோயிலுக்கு ஏறும் வழியில் கிரேக்க நகரங்கள் தத்தம் காணிக்கைகளை வைக்கக் கட்டிய சிறு கட்டடங்களுக்கு இதுவே பெயர்; ஏதென்சு நகரத்தாரின் கருவூலம் திரும்ப எடுத்துக் கட்டப்பட்டு இன்றும் அங்கே நிற்கிறது. மத்தேயு நற்செய்தியில் சாஸ்திரிகள் குழந்தையைப் பணிந்து ‘தங்கள் பொக்கிஷங்களைத் திறந்து’ காணிக்கை வைத்தார்கள் என்று தமிழில் படிக்கிறோமே, அங்கே கிரேக்க மூலத்தில் உள்ளதும் இச்சொல்லே. இது இலத்தீனுக்குப் போய்த் ‘தெசாரஸ்’ ஆயிற்று. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த ‘டிரெஷர்’ என்பதும் இதன் வழித்தோன்றல்தான்.

கருவூலம் என்ற பொருளிலிருந்து சொற்களின் கருவூலம் என்ற பொருள் ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. இங்கிலாந்தில் தாமசு கூப்பர் 1565இல் வெளியிட்ட இலத்தீன்–ஆங்கில அகராதியின் பெயரிலேயே ‘தெசாரஸ்’ இருந்தது. ஆனால் அது அகர வரிசையில் அமைந்த அகராதிதான். ஒருபொருட் சொற்களைத் திரட்டும் நூல் அன்று. இன்று நாம் நினைக்கும் பொருளை அச்சொல்லுக்கு ஏற்றியவர் பீட்டர் மார்க் ரோஜே என்ற ஆங்கில மருத்துவர். 1805இல் தம் சொந்தப் பயனுக்காகத் தொடங்கிய சொற்றொகுப்பை விரிவாக்கி, 1852இல், எழுபது வயதைக் கடந்த பின், அவர் நூலாக வெளியிட்டார். அதில் சொற்கள் எழுத்து வரிசையில் இல்லை. உலகத்துக் கருத்துகளையெல்லாம் ஆறு பெரும் வகுப்புகளாகவும், அவற்றின்கீழ் ஆயிரம் தலைப்புகளாகவும் பிரித்து, ஒவ்வொரு தலைப்பின்கீழும் அதனோடு உறவுடைய சொற்களை அடுக்கியிருந்தார். அகராதியில் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு பொருளைத் தேடுகிறோம். இந்த நூலில் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லைத் தேடுகிறோம்.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்குத் திவாகரம் நினைவுக்கு வர வேண்டும். இன்று கிடைக்கும் தமிழ் நிகண்டுகளுள் மிகப் பழையதாகிய அது பன்னிரண்டு தொகுதிகளை உடையது. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர், பல்பொருட் பெயர், செயற்கை வடிவப் பெயர் எனத் தொடங்கி, பண்பு, செயல், ஒலி ஆகியவை பற்றிய பெயர்கள் வரை பத்துத் தொகுதிகள் பொருள் வகையால் அமைந்தவை. பதினோராவது, ஒரு சொல் பல பொருள் தருவனவற்றின் தொகுதி. பன்னிரண்டாவது, மூவேந்தர், நானிலம் போலத் தொகையாக வழங்குவனவற்றின் தொகுதி. பிங்கலமும் சூடாமணி நிகண்டும் வேறு பலவும் இந்த வழியில் வந்தவை. இந்த ஏற்பாட்டின் வேர் இன்னும் பழையது. தொல்காப்பிய உரியியலின் முதல் நூற்பாவிலேயே ‘ஒருசொல் பலபொருட்கு உரிமை தோன்றினும், பலசொல் ஒருபொருட்கு உரிமை தோன்றினும்’ என்று வருகிறது. தரவுத்தளத்தில் தேடுபவருடைய இரண்டு இடர்ப்பாடுகளும் இந்த இரண்டு அடிகளில் அடங்கியிருக்கின்றன: ஒரு பொருளுக்குப் பல பெயர் இருப்பதால் வேண்டியது கிடைக்காமல் போவதும், ஒரு பெயருக்குப் பல பொருள் இருப்பதால் வேண்டாதது வந்து குவிவதும்.

இனித் தமிழ்ப் பெயருக்கு வருவோம். ‘சொற்களஞ்சியம்’ என்பதே பரவலாக வழங்குகிறது. மூலச்சொல்லின் பொருளுக்கு அது மிக நெருக்கமானது என்பதில் ஐயமில்லை. களஞ்சியம் நெல்லைச் சேர்த்து வைக்கும் இடம், கருவூலம் பொன்னைச் சேர்த்து வைக்கும் இடம் என்பதே வேறுபாடு. ஆனால் வழக்கில் அச்சொல் பல வேலைகளைச் சுமந்துகொண்டிருக்கிறது. ஒருவர் அறிந்த சொற்களின் மொத்தத்தையும், பாடநூலின் இறுதியில் வரும் அருஞ்சொற்பட்டியலையும் ‘சொற்களஞ்சியம்’ என்றே எழுதுகிறார்கள். ‘கலைக்களஞ்சியம்’ என்ற பெயர் வேறொரு நூல்வகைக்கு ஊன்றிவிட்டது. களஞ்சியம் என்றதும் குவியல் நினைவுக்கு வருகிறதே தவிர, ஒழுங்கு நினைவுக்கு வருவதில்லை என்பது என் பெரிய தயக்கம். தெசாரஸின் உயிர் அதன் ஒழுங்கில்தான் இருக்கிறது.

‘ஒருபொருட்பன்மொழி அகராதி’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். இது இலக்கணக் குழப்பத்துக்கு இடம் தரும். ‘மீமிசை’, ‘உயர்ந்தோங்கிய’ என்பவை போல ஒரே பொருளுடைய சொற்கள் அடுத்தடுத்து நின்று ஒரு பொருளையே உணர்த்துவதற்கு ஒருபொருட்பன்மொழி என்று பெயர். தனித்தனியே நிற்கும் ஒத்த சொற்களுக்கு அது பெயராகாது. வீரமாமுனிவர் 1732இல் இயற்றிய சதுரகராதியில் பெயர், பொருள், தொகை, தொடை என்ற நான்கு பகுதிகள் உண்டு. அவற்றுள் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தருவது ‘பொருளகராதி’. அழகான பெயர், எனினும் அதை இன்று கேட்பவர்கள் சொற்பொருள் தரும் எல்லா அகராதியையும் அது குறிப்பதாகக் கொள்வார்கள்.

எஞ்சுவது ‘நிகண்டு’. வேதச் சொற்களின் பழந்தொகுப்புக்கு வழங்கிய வடமொழிப் பெயர் அது. நம்மிடம் வந்து பல நூற்றாண்டுகளாகத் தமிழ் நூல்வகைக்குப் பெயராக வேரூன்றிவிட்டது. இந்த நூல்வகையை ‘உரிச்சொல்’ என்றும் வழங்கியிருக்கிறார்கள். தனித்தமிழ்ப் பெயர் வேண்டுவோர் அதை நாடலாம். ஆனால் இலக்கண வகுப்பில் அது இன்று சொல்வகை ஒன்றின் பெயராகவே நிற்கிறது. நூலகத் தரவுத்தளங்களில் உள்ளது ஒரு துறைக்கென வகுக்கப்பட்டது என்பதால், அதைத் ‘துறைநிகண்டு’ என்று அழைப்பதே பொருத்தம் என்பது என் முடிவு. நூலின் அமைப்பையும் பயனையும் ஒருங்கே சொல்லும் பெயர் இது.

துறைநிகண்டு ரோஜேயின் நூலிலிருந்து ஒரு முக்கியமான இடத்தில் வேறுபடுகிறது. எழுத்தாளருக்காக ஆக்கப்பட்ட நூல், பத்துச் சொற்களையும் சமமாக வைத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. நூலகத்துக்காக ஆக்கப்பட்டது, பத்தில் ஒன்றைத் தேர்ந்து, இந்தப் பொருள் பற்றிய ஆக்கங்கள் அனைத்துக்கும் இந்தப் பெயரையே சூட்டுவோம் என்று உறுதி செய்கிறது. 1950களில் அறிவியல் அறிக்கைகள் பெருகி, அவற்றைத் தேடி எடுக்க வழி வேண்டியபோது இந்த முறை உருவாயிற்று. தொடக்க காலத்து முயற்சிகளுள் ஒன்று அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனமான டூபான்டில் 1959இல் எழுந்தது. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் மருத்துவப் பொருள் தலைப்புகளின் தொகுப்பாகிய ‘மெஷ்’ஷை 1960இல் வெளியிட்டது. கல்வித்துறைக்கு ‘எரிக்’, வேளாண்மைக்கு உலக உணவு வேளாண்மை அமைப்பின் பன்மொழி ‘அக்ரோவாக்’ என ஒவ்வொன்றாக வந்தன. இவற்றை ஆக்கும் முறைக்குப் பன்னாட்டுத் தர நெறியும் 1974இல் வந்தது. 2011 முதல் அதன் இடத்தில் ‘ஐஎஸ்ஓ 25964’ உள்ளது. பொருளைப் பல முகங்களாகப் பகுத்துப் பார்க்கும் முறையை வளர்த்தவர் சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் பணியாற்றிய சீ. இரா. அரங்கநாதன். 1969இல் இங்கிலாந்தில் ஜீன் ஐச்சிசன் ஆக்கிய ‘தெசாரோஃபேசட்’ அந்த முகப்பகுப்பையும் தெசாரஸையும் ஒரே ஏற்பாட்டில் இணைத்தது.

துறைநிகண்டின் ஒரு பதிவில் சில குறிகள் இருக்கும். ‘யூஸ்’ என்பது இந்தச் சொல்லை விட்டு அந்தச் சொல்லுக்குப் போ என்பது. ‘யூ.எஃப்.’ என்பது அதன் மறுதலை. இந்தத் தலைச்சொல்லுக்குள், அதாவது தேர்ந்துகொண்ட பெயருக்குள், அடங்கிய மற்றப் பெயர்களைக் காட்டுவது. ‘பி.டி.’ பரந்த சொல், ‘என்.டி.’ குறுகிய சொல், ‘ஆர்.டி.’ தொடர்புடைய சொல். நம் இலக்கணம் பொதுப்பெயர், சிறப்புப்பெயர் என்று நெடுங்காலமாகச் சொல்லி வருவதால், பி.டி., என்.டி. இரண்டையும் முறையே பொதுச்சொல், சிறப்புச்சொல் என்றும், கடைசியை உறவுச்சொல் என்றும் சொல்லலாம். திவாகரத்தின் நூற்பா பல பெயர்களை அடுக்கிவந்து, இறுதியில் இவை இன்னதன் பெயர் என்று முடியும்போது, அந்த ‘இன்னது’ ஏறக்குறையத் தலைச்சொல்லின் வேலையைத்தான் செய்கிறது.

செவிலியர் முதுகலை மாணவி ஒருவர் படுக்கைப்புண் பற்றிக் கட்டுரைகள் தேடிக்கொண்டிருந்தபோது அருகில் இருந்தேன். ‘பெட்சோர்’ என்று எழுதி, தலைப்பில் அச்சொல் உள்ளவற்றை மட்டும் காட்டும்படி ‘பப்மெட்’ என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் தேடியிருந்தார். மருத்துவமனையில் நாள்தோறும் புழங்கும் சொல் அது. ஆனால் வந்த பட்டியல் சிறியது, பலவும் பழையவை. மெஷ் தொகுப்பைத் திறந்து அதே சொல்லை இட்டோம். அது ‘பிரஷர் அல்சர்’ என்ற தலைச்சொல்லுக்கு அழைத்துப் போனது. அதன்கீழ் பெட்சோர், பிரஷர் சோர், டெகுபிடஸ் அல்சர் என்ற பெயர்கள் வரிசையாக இருந்தன. மேலே பொதுச்சொல்லாக ‘ஸ்கின் அல்சர்’ நின்றது. அந்த மாணவி திரையைப் பார்த்தபடி, ‘படுக்கையால் வருவது என்று நாங்கள் சொல்கிறோம், அழுத்தத்தால் வருவது என்று இவர்கள் சொல்கிறார்கள், அவ்வளவுதானே அண்ணா’ என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு மாற்றத்தைச் செய்ததும் பட்டியல் பல மடங்கு நீண்டது. புண்ணுக்குக் காரணம் படுக்கையன்று, நகராத உடலின்மேல் ஏறும் அழுத்தம் என்ற மருத்துவ அறிவும் அந்தப் பெயருக்குள் இருந்தது. சக்கர நாற்காலியில் இருப்போருக்கு வரும் புண்ணைப் பற்றிய கட்டுரைகளைப் படுக்கை என்ற சொல்லால் எப்படித் தேடி எடுக்க முடியும்?

பப்மெட்டில் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் தேடினால், எழுதிய சொல்லை அதுவே தலைச்சொல்லோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளும். எல்லாத் தரவுத்தளங்களும் அப்படிச் செய்வதில்லை. ஆகவே முதலில் துறைநிகண்டைத் திறந்து, மனத்தில் உள்ள சொல்லை இட்டு, தலைச்சொல்லைக் கண்டு, சிறப்புச்சொற்களையும் சேர்த்துக்கொண்டு, பின்னர் தேடுவது நல்லது. துறைநிகண்டு எங்கே இருக்கிறது என்று புலப்படாதபோது, மிகப் பொருத்தமான ஒரே ஒரு கட்டுரையைக் கண்டெடுத்து, அதன் பதிவின் அடியில் இருக்கும் பொருள்தலைப்புகளைப் பார்த்து, அவற்றைக் கொண்டு மறுபடி தேடலாம். என் அனுபவத்தில் இந்த வழி பெரும்பாலும் கைகொடுக்கிறது. புதிதாக வந்த கட்டுரைகளுக்குத் தலைச்சொல் சூட்டச் சிறிது காலமாகும் என்பதால், தலைச்சொல்லையும் வழக்குச்சொற்களையும் ‘அல்லது’ என்று பொருள்படும் ‘ஆர்’ என்ற இணைப்பால் சேர்த்துத் தேடுவதே பாதுகாப்பு. ரோஜே வழிவந்த பொதுத் தெசாரஸும் இங்கே உதவும். ஆனால் அது தரும் சொற்களில் அந்தத் துறையினர் கட்டுரையில் எழுதும் சொல் எது என்று தெரிந்து எடுக்க வேண்டும். இலக்கிய நயமுள்ள சொல் தேடலுக்குப் பயன்படுவது அரிது.

தலைச்சொல் என்றும் மாறாதது என்றும் கொள்ளக்கூடாது. மெஷ்ஷிலேயே முன்பு தலைச்சொல்லாக இருந்தது டெகுபிடஸ் அல்சர்தான். அமெரிக்கக் காங்கிரசு நூலகம் சமையல் நூல்களுக்கு நெடுங்காலம் ‘குக்கரி’ என்ற தலைப்பை வைத்திருந்து, 2010இல் ‘குக்கிங்’ என்று மாற்றியது. மக்கட் கூட்டத்தின் பெயரில் இது இன்னும் நுட்பமானது. இலங்கை மலையகத் தமிழரைப் பற்றித் தேடுபவர், குடிமதிப்பு ஆவணங்களில் ‘இந்தியத் தமிழர்’ என்றும், பழைய ஆங்கில நூல்களில் ‘எஸ்டேட்’ என்ற அடைமொழியோடும், அண்மை நூல்களில் ‘மலையகத் தமிழர்’ என்றும் பெயர் மாறி வருவதைக் காண்பார். அவர்கள் தங்களுக்கென்று ஏற்ற பெயரில் மட்டும் தேடினால் பழைய ஆவணங்கள் தப்பிவிடும். பழைய பெயரில் மட்டும் தேடினால் அவர்களே எழுதியவை தப்பிவிடும்.

தமிழில் ஒரு துறைநிகண்டுப் பதிவு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேளாண்மையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டை எழுதிப் பார்த்தேன். தலைச்சொல்: நிலக்கடலை. இதற்குள் அடங்கும் பெயர்கள்: வேர்க்கடலை, மணிலாக்கொட்டை, மல்லாட்டை, கச்சான். பொதுச்சொல்: எண்ணெய் வித்துகள். உறவுச்சொற்கள்: கடலை எண்ணெய், கடலைப் பிண்ணாக்கு. விழுப்புரம் பக்கத்து உழவர் மல்லாட்டை என்று கேட்டாலும், யாழ்ப்பாணத்து மாணவர் கச்சான் என்று கேட்டாலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வார்கள். ‘கடலை’ என்ற தனிச்சொல்லை எங்கே வைப்பது என்பதில்தான் நெடுநேரம் நின்றேன். அது கொண்டைக்கடலையையும் குறிக்கிறது, பொட்டுக்கடலையையும் குறிக்கிறது. இறுதியில் அதற்குத் தனிப்பதிவு ஒன்று எழுதி, அங்கிருந்து மூன்று திசைக்கும் வழிகாட்டினேன். திவாகரர் அதைப் பதினோராம் தொகுதியில் வைத்திருப்பார்.