டெலஸ்கோப் வாங்குவதற்கு முன்

"சார், பொண்ணு எட்டாவது படிக்கிறா. நட்சத்திரம், ராக்கெட்டுன்னா உசுரு. நல்ல டெலஸ்கோப்பா ஒண்ணு சொல்லுங்க." ஊட்டியில் இயற்பியல் வாத்தியாராக இருப்பவனுக்குப் பெற்றோர் கூட்டத்தில் தவறாமல் வரும் கேள்வி இது. இப்போதைக்கு வாங்காதீர்கள் என்பேன். கேட்டவர் முகம் லேசாகச் சுருங்கும்.

முதல் காரணம் கண். மலிவான டெலஸ்கோப் பெட்டிகள் சிலவற்றில் 'சன் ஃபில்டர்' என்று ஒரு கறுப்புக் கண்ணாடி கிடக்கும். கண் வைக்கும் முனையில் திருகிக்கொள்ள வேண்டியது. லென்ஸ் குவித்த வெயில் அத்தனையும் அந்தச் சின்னக் கண்ணாடியில் விழும். சூடேறி விரிசல் விடலாம். அந்த நேரத்தில் பிள்ளையின் கண் அதற்குப் பின்னால்தான் இருக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது என்பதால் கருகுவதும் உடனே தெரியாது. அதைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள். எக்ஸ்ரே ஃபிலிம், கூலிங்கிளாஸ், கரி படிந்த கண்ணாடி எதுவும் சூரியனைப் பார்க்க ஆகாது.

இரண்டாவது காரணம், வானியற்பியலின் தொடக்கம் அளப்பதில் இருக்கிறது. அதற்கு ஓர் அட்டை போதும். நடுவில் சின்னத் துளை போட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளை வழியே வரும் வெளிச்சத்தை 2 மீட்டர் தள்ளி நிழலில் வைத்த வெள்ளைத் தாளில் விழச் செய்யுங்கள். சுமார் 18, 19 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டம் தெரியும். "ஓட்டை வட்டமா இருக்கு, அதான்" என்பார்கள் பிள்ளைகள். துளையைச் சதுரமாக வெட்டச் சொல்லுங்கள். அப்போதும் வட்டம்தான், அது சூரியனின் படம். வட்டத்தின் அகலத்தை 2 மீட்டரால் வகுத்து, சூரியன் இருக்கும் 15 கோடி கிலோமீட்டரால் பெருக்கினால் 14 லட்சம் கிலோமீட்டர் பக்கம் வரும். சூரியனின் விட்டம்! ஒரு ஸ்கேலை வைத்துக்கொண்டு சூரியனை அளந்த பிள்ளை அந்த எண்ணை மறப்பதில்லை.

ஜனவரியில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போது, ஏன் இந்தக் குளிர் என்று கேட்டுப் பாருங்கள். "சூரியன் தூரமாப் போயிடுச்சு சார்." உண்மை நேர்மாறு. ஜனவரி தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில், 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது, ஜூலையில் 15.2 கோடி. அந்த 50 லட்சம் கிலோமீட்டர் நெருக்கத்தால் ஊட்டியின் காந்தல் பகுதியில் பனி உருகிவிடவில்லை. வெயில் சாய்ந்து விழுகிறது, பகலும் குறுகல், மேகமில்லாத இரவில் நிலத்தின் சூடு தடையின்றி வெளியேறுகிறது. மலை உயரம் சூரியனுக்குப் பக்கம் என்ற நினைப்பும் இதே கணக்கில் அடிபடும். ஊட்டியின் 2,240 மீட்டர் அந்தத் தூரத்துக்கு முன் எம்மாத்திரம்?

இனி ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள முத்தோரை. கேரட் தோட்டங்களைத் தாண்டி மலைச்சரிவில் நீளமாகக் கிடக்கும் அந்தக் கம்பி அமைப்பை இங்குள்ள பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து பார்த்தே வளர்கிறார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காக கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் 1970இல் முடித்த ரேடியோ டெலஸ்கோப் அது: 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். "மேகம் மூடுற ஊர்ல எதுக்கு சார் டெலஸ்கோப்?" என்று ஒரு மாணவன் கேட்டான். அருமையான கேள்வி. அது பிடிப்பது வானத்திலிருந்து வரும் 326.5 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையை, அதை மேகம் மறைக்காது. ஒளியின் வேகத்தை அந்த எண்ணால் வகுக்கச் சொன்னேன். அலைநீளம் 92 சென்டிமீட்டர் வந்தது. இவ்வளவு நீண்ட அலைக்குக் கம்பிகளுக்கு இடையிலுள்ள சந்து ஒரு பொருட்டில்லை, அந்தக் கம்பி வேலியே அதை எதிரொளிக்கும் கண்ணாடி.

ஏன் சரிவில்? ஊட்டி அட்சரேகை 11 டிகிரி சொச்சம். வடக்கு நோக்கி அதே அளவு ஏறும் சரிவைத் தேடிப் பிடித்து அமைத்ததால், டெலஸ்கோப்பின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. அந்த ஓர் அச்சில் திருப்பிக்கொண்டே ஒரு வானப் பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். துருவ நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து 11 டிகிரி உயரத்தில் இருப்பதும் இதே காரணத்தால்தான். நிலா ஒரு ரேடியோ மூலத்தை, அதாவது ரேடியோ அலை வரும் வானப் பொருளை, மறைக்கும் கணத்தைக் குறித்து அதன் இடத்தையும் அளவையும் கண்டார்கள். தொலைதூர ரேடியோ மூலங்களை அப்படி அளந்தபோது, பிரபஞ்சம் காலப்போக்கில் மாறிவந்திருக்கிறது என்ற கருத்துக்கு ஆதரவு கிடைத்தது.

பழனி மலையில் கொடைக்கானல் ஆய்வகம் வெயிலை நம்பியது. அங்கே 1909இல் ஜான் எவர்ஷெட் என்ற வானியலாளர், சூரியனில் தெரியும் கரும்புள்ளியின் நிறமாலையில், அதாவது வெளிச்சம் பிரிந்து தெரியும் நிறப் பட்டையில், கோடுகள் சற்று நகர்ந்திருப்பதைக் கண்டு, புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைச் சொன்னார். நிறமாலையை வீட்டிலும் பார்க்கலாம்: பழைய சிடியில் குண்டு பல்பின் வெளிச்சத்தையும் டியூப்லைட்டின் வெளிச்சத்தையும் மாறி மாறிப் பிடித்தால் வித்தியாசம் தெரியும். சிடியை வெயிலில் காட்டிப் பார்க்க வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு ஏதாவது வாங்கியே ஆக வேண்டும் என்றால் 10×50 (பத்து மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மில்லிமீட்டர்) பைனாகுலர் வாங்குங்கள். பனிக்கால இரவுகளில் நிலாவின் பள்ளங்கள் தெரியும்; சுவரில் ஊன்றி ஆடாமல் பிடித்தால் வியாழனின் நிலாக்களும் தெரியும். இரவு எட்டு மணிக்கு எங்கே நின்றன என்று நோட்டில் தினமும் குறிக்கச் சொல்லுங்கள். பகலில் பைனாகுலர் பீரோவுக்குள் இருக்கட்டும்.